பேர் இல்லாத மாத்திரைத் துண்டுகள்

மருந்துக் கடைக்காரிக்கு ஒரு பழக்கம். யாராவது நாலு மாத்திரை கேட்டால், அட்டையைக் கத்தரிக்கோலால் நறுக்கிக் கொடுப்பாள். பேர் அச்சடித்த பக்கம் வந்தவர்களுக்கு. பேர் இல்லாத மிச்சத் துண்டை எவன் வாங்குவான்? அதெல்லாம் அவள் வீட்டு பிஸ்கட் டப்பாவுக்குப் போய்விடும். எது என்ன மாத்திரை என்று பார்த்தவுடனே சொல்லிவிடுவாள். பதினாறு வருஷ சர்வீஸ், சும்மாவா!

வீட்டில் இன்னொரு ஆளும் இருக்கிறது என்பதைத்தான் அம்மணி மறந்துவிட்டாள்.

அந்த ஆள், அச்சகத்தில் இயந்திரம் ஓட்டும் அவள் புருஷன். கடைவாய்ப் பல் உயிரை வாங்கியது. அவள் கடைக்குப் போனதும் டப்பாவைத் திறந்தார். வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, நீளமாக ஒன்று. வெள்ளை பல்லுக்கு, மஞ்சள் வீக்கத்துக்கு, நீளமானது தூக்கத்துக்கு என்று அவராகவே முடிவுகட்டினார். ரெண்டு நாள், சோற்றைக்கூடத் தொடாமல், முறை வைத்து விழுங்கினார். மூன்றும் ஒரே பாராசிட்டமால். கம்பெனிதான் வேறு வேறு.

மூன்றாம் நாள் காலையில் வாந்தி. வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள்.

"எத்தனை மாத்திரை போட்டீங்க?" என்றார் டாக்டரம்மா.

"நாலே நாலு," என்றார் அவர், பெண்டாட்டியை ஓரக்கண்ணால் பார்த்தபடி.

ரத்தப் பரிசோதனை வந்தது. டாக்டரம்மாவின் முகம் மாறியது. "நாலுக்கெல்லாம் கல்லீரல் இப்படிக் கெட்டுப்போகாதே! என்ன போட்டார்னு யாருக்காவது தெரியுமா?"

அவளுக்கு பிஸ்கட் டப்பா ஞாபகம் வந்தது. வீட்டுக்கு ஓடி டப்பாவைக் கவிழ்த்தாள். காலிக் குழிகளை எண்ணினாள். இருபத்தாறு! 'ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்கிறவள் கட்டினவனைக் கவனிக்கலையா என்று சிரிப்பார்களே' என்று ஒரு நொடி நின்றாள். சிரித்தால் சிரிக்கட்டும், ஆள் பிழைத்தால் போதும் என்று டப்பாவோடு திரும்பி ஓடினாள்.

"எல்லாம் பாராசிட்டமால்தான் டாக்டர். பேரை நறுக்கினது நான்."

டாக்டரம்மா திட்டவில்லை. உடனே டிரிப்ஸ் ஏற்றச் சொன்னார். "விஷத்தை முறிக்கக் கல்லீரல் கொஞ்சம் சரக்கு வச்சிருக்கும். இவர் அதை வழிச்சுத் துடைச்சுட்டார். இந்த ஆன்டி-ஆக்ஸிடன்ட் மருந்து அதைத் திரும்ப நிரப்பும். மிச்சப் பகுதி பிழைச்சுக்கிட்டா, கல்லீரல் தானே வளர்ந்து சரியாயிடும்."

"பிழைக்கலேன்னா?"

"ரெண்டு நாள் பொறுங்கம்மா."

மறுநாள் ரத்தத்தில் கல்லீரல் கெட்டதைக் காட்டும் அளவு இன்னும் ஏறியிருந்தது. வராந்தாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அதற்கு மறுநாள் அளவு பாதியாக இறங்கியது.

"தப்பிச்சுட்டார். கல்லீரல் வளர ஆரம்பிச்சிடும்," என்றார் டாக்டரம்மா.

போன உயிர் திரும்பி வந்த கையோடு கோபமும் வந்தது அவளுக்கு. "ஏங்க, நாள் பூரா மருந்துக் கடையிலதானே கெடக்கேன்? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா வாய் முத்து உதிர்ந்திடுமா?"

அவர் போர்வை நுனியைத் திருகினார். "கடைக்கு வர்றவங்க வலிக்குதுன்னா காது கொடுத்துக் கேப்ப. நான் சொன்னா, ஆரம்பிச்சுட்டியான்னு சிரிப்ப. அதான் சொல்லல."

அவளுக்குச் சுரீரென்றது. நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப எங்க வலிக்குது? சொல்லுங்க."

அவர் சந்தேகமாக அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கணுக்காலில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கழுத்துக்கு வந்து சேர்கிற வரைக்கும் அவள் குறுக்கே பேசவே இல்லை.