பைக்கில் வந்த பொய்

"எல்லாம் முடிஞ்சுதுக்கா. கேமராக் குழாய விட்டுப் பார்த்துட்டாங்க. குடல் பளிங்கு மாதிரி இருக்காம்" என்றான் தம்பி. பைக்கை வாசலில் நிறுத்திவிட்டு வந்தவன், கையிலிருந்த ரொட்டிப் பொட்டலத்தை அக்காவின் மேஜைமேல் வைத்தான்.

அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் 'பிரேக்கு'. பெருங்குடலில் ஒரு சாண் நீளம் இப்போது அவளிடம் கிடையாது. வலி, காய்ச்சல் என்று எதுவும் இருக்கவில்லை. துளி மலத்தைக் குச்சியில் தொட்டு லேபுக்கு அனுப்பும் பரிசோதனையில் புற்றுநோய் மாட்டிக்கொண்டது. வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், சின்னச் சின்ன ஓட்டை போட்டே வெட்டி எடுத்துவிட்டார்கள். மிச்சம் மீதியை ஒழிக்க மருந்து ஏற்றுகிறார்கள். அதன் உபயத்தில் குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரல் நுனியில் ஷாக் அடிக்கிறது. கையுறை மாட்டிக்கொண்டு பாடம் நடத்துகிறாள். வீட்டில் படுத்துக்கொள்ளச் சொன்னவர்களிடம், "படுத்தா சரியாயிடும்னா ஆஸ்பத்திரி எதுக்கு, பாய்க்கடை போதுமே" என்று சொல்லிவிட்டாள்.

அவளுக்கு நோய் தெரிந்த அன்றே டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கூடப் பிறந்தவருக்கும் வர வாய்ப்பு அதிகம். நாற்பதைத் தாண்டியவர், குச்சிப் பரிசோதனை போதாது, கேமராதான். பேக்கரி வைத்திருக்கும் தம்பி, அடுப்பு ரிப்பேர், மாவு வரவில்லை, ஆள் லீவு என்று நழுவிக்கொண்டே இருந்தான். இன்று ஒருவழியாகப் போய்வந்துவிட்டானாம்.

அக்கா ஜன்னல் வழியாக பைக்கைப் பார்த்தாள்.

"மயக்க ஊசி போட்டாங்களா?"

"போட்டாங்களே. சுகமாத் தூங்கினேன்."

"அப்புறம் யாரு கூட்டிட்டு வந்தது?"

"யாரு வரணும்? நானேதான் பைக்க எடுத்துக்கிட்டு..."

பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"அந்த ஊசி போட்டா அன்னிக்கு முழுக்க வண்டியத் தொடக் கூடாது. கூட ஆள் இல்லாம வெளிய விடவே மாட்டாங்க. டிரைவிங் ஸ்கூல்காரிகிட்ட வந்து இந்தக் கதையா?"

தம்பி பொட்டலத்து நூலைப் பிரிக்க ஆரம்பித்தான்.

"கடைக்கு நாலு பேரு வந்து போறாங்கக்கா. பின்னாடி குழாய் விட்டுக்கிட்டவன்னு என்னப் பார்த்துச் சிரிக்கவா?"

"அது சாக்கு. நிஜத்தச் சொல்லு."

நூல் முடிச்சு இறுகிப்போனது. "இருந்துட்டா?" என்றான் மெதுவாக.

"இருந்தா எடுப்பாங்க. என்னைப் பாரு, செத்தா போயிட்டேன்? உனக்கு இப்ப இருந்தாலும் அநேகமா மரு மாதிரிதான் இருக்கும். பாலிப்பும்பாங்க. பார்த்த கையோட நறுக்கிடுவாங்க. அது புத்தா மாற வருஷக்கணக்காகும். எனக்கு அந்த வருஷமெல்லாம் தெரியாமயே போயிடுச்சு. உனக்குக் கையில குடுக்கறாங்க, நீ வேணாங்கற." அக்கா போனை எடுத்தாள். "நான் வாசல்ல நின்னு இந்த நோயத் துரத்திட்டிருக்கேன். கொல்லப்பக்கமா உன் வீட்டுக்குள்ள நுழைய விட மாட்டேன். உன் சம்மதத்த இங்க யாரும் கேக்கல."

அவன் எதிரிலேயே தேதி வாங்கினாள்.

பரிசோதனைக்கு முந்தின நாளே தம்பி வீட்டுக்குப் போய் கழிப்பறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். குடலைக் கழுவும் மருந்தைக் குடித்துக் குடித்து, உள்ளே போய்ப் போய் வந்தான் தம்பி.

"அண்ணி, பாவம், முகமே வத்திப்போச்சு" என்றாள் தம்பி மனைவி.

"பாவம்தான். இன்னொரு டம்ளர் ஊத்து."

மறுநாள் அக்காவே காரை ஓட்டினாள். பரிசோதனை அறைக் கதவு மூடியதும் அவளுடைய வீராப்பு கொஞ்சம் ஆட்டம் கண்டது. வெளியே உட்காராமல் நடந்துகொண்டே இருந்தாள். வேண்டாத தெய்வம் இல்லை.

டாக்டர் வந்தார். "ரெண்டு பாலிப் இருந்துச்சு. ரெண்டையும் எடுத்தாச்சு. பார்க்க மோசமாத் தெரியல, இருந்தாலும் லேபுக்கு அனுப்பியிருக்கோம். ரிசல்ட்டப் பார்த்துட்டு அடுத்து எப்ப வரணும்னு சொல்றேன். விட்டிருந்தா வளர்ந்திருக்கும்மா."

அக்கா அப்போதுதான் உட்கார்ந்தாள்.

சக்கர நாற்காலியில் தம்பியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மனைவி குனிந்து அவன் காதருகே, "யாராவது கேட்டா கண் பரிசோதனைன்னு சொல்லிடலாங்க" என்றாள்.

"கண்ணப் பார்க்க எதுக்குடி அந்த வழியாப் போகணும்?"

மயக்கம் முழுதாகத் தெளியாத குரல் ஹால் முழுக்கக் கேட்டது. சிரிப்பு அடங்கியதும், முறைக்காகக் காத்திருந்த ஒருவர் வெளிறிய முகத்தோடு எழுந்து வந்தார்.

"சார், ரொம்ப வலிக்குமா?"

தம்பி தன் மனைவியைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான்.

"முந்தின நாள் மருந்துதான் சார் கொடுமை. மத்தது தூங்கி எந்திரிச்சா முடிஞ்சுடுது. எனக்கு ரெண்டு எடுத்தாங்க" என்று இரண்டு விரலை உயர்த்திக் காட்டினான்.

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுடா" என்றாள் அக்கா. "கடைசி வரிசைக்குக் கேக்கல."