பச்சைத் தகட்டு மேளம்

ரெக்கார்டு வெட்டும்போது நடுவில் நிறுத்த முடியாது. வட்டப் பிளாஸ்டிக் தகட்டைச் சுழலவிட்டு, சூடேற்றிய ஊசியை அதன்மேல் இறக்கினால், பாட்டு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரமும் ஊசி கீறிக்கொண்டே போகும். கீறிய இடத்திலிருந்து மயிர் போல பிளாஸ்டிக் நார் சுருண்டு வரும். அதைக் குழாய் வைத்து உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். மேசையில் கை இடித்தால் தகடு வீண். கீறியதை அழிக்கவும் வழியில்லை.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் மூன்று வருடம் நைட் ஷிஃப்ட் பார்த்தேன். பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன். கையில் வந்த பி.எஃப். பணத்தில் வெட்டும் மெஷினை வாங்கிக் கச்சிராயபாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த சிமென்ட் ஷீட் அறையில் வைத்தேன். அதே மாதம் ராஜேஷும் வேலையை விட்டான். கம்பெனி ஹாஸ்டலில் எனக்குக் கீழ்க் கட்டில்காரன். வெள்ளிமலையைத் தாண்டி மேலே ஒரு சிற்றூர் அவனுக்கு. கள்ளக்குறிச்சியைச் சுற்றி எல்லா டிஜேக்களும் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பார்கள். நாங்கள் ரெக்கார்டைச் சுழற்றும் டர்ன்டேபிள் இரண்டை வைத்து, நாங்களே வெட்டிய தகடுகளைக் கையால் திருப்பினோம். “தோசக்கல்ல வெச்சிகினு இன்னாடா பண்றானுங்க?” என்று கேட்டபடி கூட்டம் மேசையைச் சுற்றி வந்து நிற்கும். அதற்காகவே கூப்பிட்டார்கள்.

எங்களிடம் இருந்ததில் பெயர் வாங்கியது ஒரு பச்சைத் தகடு. அதில் பாட்டு கிடையாது. வழக்கமாகக் கோடு வெளிவிளிம்பிலிருந்து உள்ளே சுருண்டு போகும். இதில் கோட்டை ஒரே சுற்றில் மூடிவிட்டேன். ஊசியை வைத்தால் அந்த ஒரு சுற்று மேளம் திரும்பத் திரும்ப ஓடும், கையை எடுக்கும்வரை. மூன்று அடி, ஒரு இடைவெளி, பிறகு அவசரமாக இரண்டு அடி. அந்த இடைவெளியில்தான் எல்லோருக்கும் கால் எழும்பும். அது ஓடும்போது ராஜேஷ் மைக்கைக் கீழே வைத்துவிட்டு மேசைக்கு முன்னால் வந்து ஆடுவான்.

“செத்தவனக்கூட எழுப்பி ஆட வெக்கும் மச்சான் இது. எங்க புடிச்ச?”

“நெட்ல கெடச்சுது” என்றேன்.

அது அவன் அப்பாவின் சாவு மேளம்.

ராஜேஷின் அப்பா கரியன் இறந்தது ஐப்பசி மழையில். ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி ரோடு முடியும் இடம்வரை வந்தது. அதற்கு மேல் மண் பாதை, மழையில் வண்டி ஏறாது, தூக்கித்தான் போக வேண்டும். மறுநாள் காலை வீட்டிலிருந்து பாடையை எடுக்கும்போது என் சட்டைப் பையில் போன் ரெக்கார்டிங்கில் இருந்தது. ஏன் போட்டேன் என்றால், மேளக்காரர்கள் வாசலில் தோலைச் சூடு காட்டித் தட்டிப் பார்த்த சத்தம் நன்றாக இருந்தது. அதைவிடப் பெரிய காரணம் இல்லை. வழியில் ஒரு ஓடை. முன்பக்கம் தோள் கொடுத்திருந்த ராஜேஷுக்குப் பாசிக் கல்லில் வலது கால் வழுக்கியது. பாடை ஒரு பக்கம் சாய்ந்தது. அதைப் பார்த்த மேளக்காரர் ஒரு அடியைத் தவறவிட்டார். பாடை நிமிர்ந்ததும் இரண்டு அடியை அவசரமாகப் போட்டார். வீட்டுக்கு வந்து ஹெட்போனில் கேட்டேன். அந்த இடம்தான் வேண்டும் என்று தோன்றியது.

சாவு அடி எது, சாமி அடி எது என்று எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் நிமிடத்துக்கு முப்பத்துமூன்று சுற்று வேகத்தில் வெட்டிவிட்டு, நாற்பத்தைந்தில் ஓட்டினேன். மேளம் சிறுத்து, குரல் உயர்ந்து, துள்ளியது. தகட்டின் நடுவில் 45 என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். முதல் நாளே ராஜேஷிடம் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அன்று களமருதூரில் ஒரு காதுகுத்து. நான் சொல்வதற்குள் அவன் ஆட ஆரம்பித்துவிட்டான். ஆடி முடித்தவனிடம் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு விசேஷத்துக்கும் சொல்வது இன்னும் கஷ்டமானது.

போன வைகாசியில் அவன் தங்கை மீனாவுக்குக் கல்யாணம். பத்து நாளைக்கு முன்பே போன் செய்தான்.

“எத மறந்தாலும் பச்சய மறந்துடாத.”

“அது தேஞ்சுபோச்சுடா. ஊசி தாவுது.”

“அப்ப இன்னொண்ணு வெட்டு. கல்யாணமே அதுக்குத்தான் பண்றோம்” என்று சிரித்தான்.

தண்ணீர் டிரம்மைத் தட்டி, அதே மாதிரி ஒரு அடி விட்டு, மூன்று தகடு வெட்டினேன். அளந்து விட்ட இடைவெளி வெறும் இடைவெளியாகவே நின்றது. ராஜேஷ் மலையிலிருந்து இறங்கி வந்து கேட்டுவிட்டு மூன்றையும் தள்ளிவைத்தான். “இதுல ஆளே இல்லயேடா” என்றான். அலமாரியைத் துழாவிப் பச்சையை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாற்பத்தைந்தில் ஓட்டினால் யாருக்கும் தெரியாது என்று சொல்லிக்கொண்டேன்.

மலையில் காலையிலேயே தாலி கட்டியாகிவிட்டது. மதியம் ஒரு பந்தி முடிந்து அடுத்த பந்தி உட்கார்ந்தது. கரண்ட் இல்லை. பந்தலுக்குப் பின்னால் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தேன். ராஜேஷ்தான் மேசையில் நின்றான். பச்சை ஓடியது. பையன்கள் ஆடினார்கள். மாப்பிள்ளையின் அத்தை ஜெயம்மாள் மேசைக்கு வந்து சத்தம் போட்டது எனக்குக் கேட்டது.

“இன்னா தம்பி, மாடு வெரட்ற கணக்கா ஓட்றீங்க? கொஞ்சம் மெதுவா போடுங்க. நாங்களும் ஆட வாணாமா?”

“உங்களுக்கு இல்லாததாங்க அத்த? இதோ” என்றான் ராஜேஷ்.

டீசல் கேனைப் போட்டுவிட்டு ஓடினேன். அதற்குள் அவன் முப்பத்துமூன்று பொத்தானை அழுத்திவிட்டான். மேளம் இறங்கியது. தன் கனத்துக்கு வந்தது. மூன்று அடி. இடைவெளி. இரண்டு அடி. சின்னப் பிள்ளைகள் இன்னும் குதித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். ராஜேஷின் கை பொத்தானிலேயே இருந்தது. அவன் தகட்டைப் பார்க்கவில்லை. தன் வலது காலைப் பார்த்தான்.

அவன் அம்மா பாவாயி பாயச வாளியோடு பந்தியில் நின்றிருந்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

“மோட்டார நிறுத்து.”

திரும்ப ஓடி ஜெனரேட்டரை நிறுத்தினேன். மேளம் குழைந்து, இழுத்து, நின்றது.

“சாவு மேளமாட்டம் கேட்டுதே?” என்றாள் ஜெயம்மாள்.

“டீசல் தீந்துபோனா எல்லாம் அப்டித்தான் இழுக்கும்” என்றார் பாவாயி. “குந்துங்க அண்ணி. பாயசம் ஆறிப்போவுது.”

ஜெயம்மாள் ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு போய் இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். பாவாயி வாளியை எடுத்துக்கொண்டார். என் பக்கம் அதற்கப்புறம் திரும்பவே இல்லை.

ராஜேஷ் என்னை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனான். அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

“ஓடையாண்டதானே?”

“ஆமா.”

“என் காலு வழுக்கனப்போ.”

“ஆமா.”

“இத்தினி நாளா அதுக்குத்தான் நான் ஆடிகினு இருந்தனா?”

அவன் என் சட்டைப் பையைப் பார்த்தான்.

“முழுசும் போன்ல இருக்குதா?”

“இல்லடா. எடம் பத்தல. வெட்டிட்டு அழிச்சிட்டேன்.”

“எவ்ளோ நேரம் இருந்துது?”

“நாப்பது நிமிஷம் இருக்கும்.”

“வூட்லேந்தே எடுத்தியா?”

“வூட்லேந்துதான்.”

அவன் சுவரில் சாய்ந்தான். எனக்குச் சொல்வது போலில்லாமல் சொன்னான்.

“தூக்கறதுக்கு முன்னாடி அப்பா காதாண்ட குனிஞ்சு ஒண்ணு சொன்னேன். இன்னா சொன்னேன்னு எனக்கு ஞாபகமே இல்ல. ரெண்டு வருசமா யோசிக்கறேன். அம்மாவுக்கும் தெரில. நீ பக்கத்துலதான நின்ன?”

“நின்னேன்.”

“அதுல இருந்துதா?”

இல்லை என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஏதாவது நல்ல வார்த்தையாக நானே சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பான். அவன் முகம் நம்பத் தயாராக இருந்தது.

“இருந்துது” என்றேன். “உன் கொரலு ஹெட்போன்ல வந்துது. மேளம் இன்னும் ஆரம்பிக்கலன்னு அந்த எடத்த தள்ளி வுட்டுட்டேன். நீ இன்னா சொன்னன்னு கேக்கல.”

“தள்ளி வுட்டுட்ட.”

“ஆமா.”

அவன் தலையை ஆட்டினான். மேசைக்குப் போய்த் தகட்டைக் கழற்றிக்கொண்டு வந்து அவனிடம் நீட்டினேன். கை நீட்டவில்லை.

“இத வெச்சிகினு நான் இன்னா பண்றது? இதுல எங்கப்பன் இல்ல. மேளக்காரன்தான் இருக்கான்.”

மூன்று மணிக்கு வண்டி வந்தது. டர்ன்டேபிள்கள், மிக்சர், ஒயர் எல்லாவற்றையும் நானே ஏற்றினேன். பெரிய ஸ்பீக்கரை ஓர் ஆளால் தூக்க முடியாது. சாய்த்து இழுத்துப் பார்த்தேன், மண்ணில் புதைந்தது. டிரைவர் பீடியை அணைத்துவிட்டு இறங்குவதற்குள் ராஜேஷ் வந்து மறுமுனையைப் பிடித்தான். இருவரும் தூக்கி ஏற்றினோம். பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, வண்டிமேல் ஏறிக் கயிறு போட்டுக் கட்டினான்.

“ஞாயித்துக்கெழம எலவனாசூர்கோட்டைல விசேஷம்” என்றேன்.

அவன் முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கினான். முன்சீட்டில் இருந்த பெட்டியைத் திறந்து தன்னுடைய ஹெட்போனை மட்டும் எடுத்துக்கொண்டான். பந்தலுக்குள் போய், அம்மாவின் கையிலிருந்து வாளியை வாங்கி, மாப்பிள்ளை வீட்டு வரிசைக்குப் பரிமாற ஆரம்பித்தான்.