கெர்க்ஹோஃப் வீட்டு வாள்

கெர்க்ஹோஃப் வீட்டு வாளை உறையிலிருந்து உருவினால் இரண்டு படி கோதுமை மாவு கொட்டும். ஜெர்மனியில் கைசர் மன்னர் காலத்து அதிகாரி வாள். வாளுக்குப் பேர்போன சோலிங்கன் ஊர்ப் பட்டறையில் அடித்தது, பிடியின் முனையில் சிங்கத் தலை. முதல் உலகப் போர் முடிந்து காப்டன் கெர்க்ஹோஃப் அதை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் கடையில் மாவு வாங்கியதில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பஞ்சக் குளிர்காலத்தில் தெருவே அந்த வீட்டு ரொட்டியைத் தின்றது. மாவு எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்பது மரியாதையும் அல்ல.

காப்டன் போரைப் பற்றி வெளியில் வாய் திறக்காமலே இறந்துபோனார். அவர் மகன் அன்ஸ்கார் வாய் திறந்தார். அப்பா குதிரைப்படையின் முன்னணியில் வாள் சுழற்றிப் பாய்ந்தவர் என்று அவர் சிறுவயதில் பள்ளிக்கூடத்தில் சொன்னது, அவருக்கு அறுபது வயதாவதற்குள் ஊர் வரலாறாகிவிட்டது. அதன் பேரில்தான் ஆண்டுதோறும் ஊர்த் துப்பாக்கிக் குறிசுடும் கழகத்தின் ஊர்வலத்தில் அவருக்கு முதல் வரிசை. வாளை உறையோடுதான் ஏந்திப் போவார். "ரத்தம் பார்த்த வாளை விளையாட்டுக்கு உருவக் கூடாது" என்பார். கெர்க்ஹோஃப் குடும்பத்தில் பொய் சொல்லும் வழக்கம் இல்லை. இதை ஊர்வல ஒழுங்கு என்றே கொள்ள வேண்டும்.

ஒரு வசந்தத்தில் ப்ரூன்ஸ் என்ற பல் மருத்துவர் அந்த ஊருக்குக் குடிவந்தார். ஓய்வு நேரமெல்லாம் அதிகாரி வாள்களைச் சேகரிப்பதும் ஆராய்வதும்தான் அவர் வேலை. கழகத்தில் பீர் குடித்தபடி அவர் ஒரு செய்தி சொன்னார். இந்த வாள்களை அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்குவார்கள்; வாங்கும்போது அவை மொக்கையாகவே இருக்கும். போர் மூண்டு, களத்துக்குப் போகிறவன் மட்டுமே தீட்டக் கொடுப்பான். ஆகவே விளிம்பைத் தடவினாலே ஆள் சண்டை போட்டானா என்று தெரிந்துவிடும். "ஞாயித்துக்கிழமை உங்க வாளைப் பாக்க வரலாமா, ஐயா?" என்று கேட்டார். கழகமே கேட்டுக்கொண்டிருந்ததால் அன்ஸ்கார் தலையாட்டினார்.

வாள் வெண்ணெய் வெட்டக்கூட லாயக்கில்லாத மொக்கை. மறுநாளே அன்ஸ்கார் அதைக் கோட்டுக்குள் மறைத்துப் பக்கத்து ஊர்ச் சாணைக்காரனிடம் கொண்டுபோனார். ஞாயிற்றுக்கிழமை ப்ரூன்ஸ் வாளை உருவியபோது ஒரு துளி மாவுகூட விழவில்லை. அன்ஸ்கார் நிம்மதியாக மூச்சுவிட்டார். மருத்துவர் சட்டைப்பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, சொத்தைப் பல்லைத் தேடுவதுபோல் விளிம்பைப் பார்த்துக்கொண்டே போனார்.

"அருமையா தீட்டியிருக்கு ஐயா. மின்சாரச் சாணை. போன வாரம் வச்சதுதானே?"

அன்ஸ்காரின் காது சிவந்தது. "காப்பி ஆறுது, டாக்டர்" என்றார்.

ப்ரூன்ஸ் வெளியில் சொல்லவில்லை. ஆனால் மாவு நின்றுவிட்டது. எத்தனை முறை உருவினாலும் உறை வெறுமையாகவே இருந்தது. அன்ஸ்காரின் தங்கை மெக்டில்ட் கூடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், ஊரறிய மாவுப் பொட்டலம் கேட்டாள். கடைக்காரியின் கையிலிருந்த தராசுத் தட்டு நழுவியது. கெர்க்ஹோஃப் வீடு நொடித்துவிட்டது என்ற பேச்சு மாலைக்குள் தேவாலய வாசல்வரை வந்தது.

"அண்ணா, அப்பாவோட வாளுக்கு நீங்க பொய்ப்பல்லு கட்டிட்டீங்க. ஒண்ணு உண்மையைச் சொல்லுங்க, இல்லாட்டி இனிமே நீங்களே கடைக்குப் போங்க" என்றாள் மெக்டில்ட்.

ஒரு பக்கம் அப்பாவின் வீரம், இன்னொரு பக்கம் மாவு வாங்கும் அவமானம். அன்ஸ்கார் ஊர்வல நாள்வரை யோசித்தார். அன்று சந்தைத் திடலில் வாத்தியங்களை நிறுத்தச் சொல்லி, முதுகை நிமிர்த்தி நின்றார்.

"எங்கப்பா குதிரைப்படையில இருந்ததில்ல. ஒரு ஆளையும் வெட்டல. படையோட ரொட்டி அடுப்புகளுக்குத்தான் அவர் தலைவர். ஒருநாள்கூட ரொட்டி தாமதமானதில்ல. யாருக்காவது இதுல சிரிப்பு வருதா?"

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து முடிதிருத்தும் கிழவர் ஷ்ட்ரூக்மன் மட்டும் குரல் கொடுத்தார்: "அது எங்களுக்குத் தெரியாதா, அன்ஸ்கார்? பஞ்சத்துல உங்க வீட்டு ரொட்டிய தின்னவங்கதானே நாங்க! குதிரை சுட்ட ரொட்டின்னா நெனச்சோம்? சீக்கிரம் உருவுப்பா, வெயில் ஏறுது."

அன்ஸ்கார் உருவினார். இரண்டு படி அல்ல, இருபது படி கொட்டியது. பெரிய ஊதுகுழலின் வாய் நிரம்பிவிட்டதால் வாத்தியக் குழுவால் அன்று மேற்கொண்டு வாசிக்க முடியவில்லை. சாணை வைத்த விளிம்பு ஒரு வாரத்தில் தானாகவே மழுங்கியது.

இப்போதும் அன்ஸ்காருக்கு முதல் வரிசைதான். ஊர்வலம் திடலுக்கு வந்ததும் அவர் வாளை உருவுவார். ப்ரூன்ஸ் சல்லடை பிடிப்பார். பெண்கள் பாத்திரங்களோடு வரிசையில் நிற்பார்கள். முதல் பாத்திரம் கெர்க்ஹோஃப் வீட்டுடையது. அதில் பேச்சுக்கு இடமில்லை. மாவு பூப்போல் நயமானது. யார் வீட்டிலாவது கேக் உப்பவில்லை என்றால் அது அவர்கள் போட்ட ஈஸ்டின் குற்றம்.