வாசலுக்கு நடந்த மேசை

தண்ணீர் மீட்டர் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவு அக்காவின் மேசை, அவளுக்கு ஐம்பது முடிந்த திங்கட்கிழமை, வாசல் பக்கமாக ஒரு முழம் நகர்ந்தது. யாரும் தள்ளவில்லை. அன்று காலையில்தான் மேலாளர், புது இயந்திரத்துக்குப் பயிற்சி கேட்ட அவளிடம், "அதெல்லாம் சின்னப் பசங்களுக்குத்தான் சரிப்படும்" என்று சொல்லியிருந்தார். அதன்பின் அவர் அப்படிச் சொன்னபோதெல்லாம் மேசை ஒரு முழம் நடந்தது. அவரோ வாய் ஓயாத மனிதர். இரண்டே வருடத்தில் மேசை கூடத்தைத் தாண்டி, நடைவழியைத் தாண்டி, படிகளில் ஒவ்வொரு காலாக இறங்கி, கேட்டுக்கு வெளியே மரத்தடியில் போய் நின்றது. அக்கா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கூடவே போனாள்.

"பேசாம வேலைய விட்டுடேம்மா" என்றாள் மகள்.

"மேசைதானே நடக்குது, நானா நடந்தேன்? ரிடையராக இன்னும் எட்டு வருஷம் இருக்கு. அந்த மெஷினைக் கத்துக்காம வரமாட்டேன்."

வீம்பு இருந்ததே தவிர மனம் விட்டுப்போயிருந்தது. மீட்டரைக் காதில் வைத்தே கோளாறு சொல்லுகிறவள், இப்போது கைக்கு வந்ததற்கெல்லாம் முத்திரை குத்தி அனுப்பினாள். உள்ளே இருந்தவர்கள் பாடு அதைவிட மோசம். நாற்பதைத் தொட்டவர்கள் தங்கள் மேசைக்கும் கதவுக்கும் நடுவே தினமும் டேப் வைத்து அளந்தார்கள். முப்பத்தெட்டு வயது ஸ்டோர்கீப்பர் மேசையைத் தூணோடு கட்டிவிட்டு, நாள் முழுக்க முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலையில் ஈடுபாடு எவ்வளவு என்று நிர்வாகம் படிவம் கொடுத்தபோது, எல்லோரும் ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் 'மிக மிக அதிகம்' என்று எழுதிக் கொடுத்தார்கள். நிர்வாகம் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியது.

அந்த வருடம் ஊரில் பாதி மீட்டர்கள் பின்னோக்கி ஓடின. மீட்டரைக் கழற்றிக்கொண்டு சண்டைக்கு வந்த சனம் கேட்டிலேயே அக்காவைப் பிடித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் ஒவ்வொன்றாகக் காதில் வைத்தாள். அந்த ஓசை தனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது அப்போதுதான் அவளுக்கே ஞாபகம் வந்தது; கண் கலங்கிவிட்டது. மேலாளர் ஓடிவந்தார். "உள்ள வந்துடுங்கக்கா." ஆறு பேர் தள்ளியும் மேசை அசையவில்லை. "அப்ப மெஷினை இங்க கொண்டு வாங்க சார்" என்றாள். கொண்டுவந்தார்கள். மூன்று நாளில் கற்றுக்கொண்டாள்.

போன மாதம் மேலாளருக்கு ஐம்பது முடிந்தது. அன்றிலிருந்து தலைமை அலுவலகம் ஓயாமல் போன் போட்டு, சின்னப் பசங்களைப் பற்றியே பேசியதாம். நேற்று அவர் மரத்தடிக்கு வந்து நின்றார்.

"எது வரைக்கும் வந்திருக்கு சார்?"

"படிக்கட்டு."

"பார்த்து இறங்கச் சொல்லுங்க, மூணாவது படி ஆடும்" என்று சொல்லிவிட்டு, அக்கா மீட்டர் பெட்டிகளை ஒதுக்கி, தன் பக்கத்தில் ஒரு மேசைக்கு இடம் செய்தாள்.