சிரித்த பன்றி

1941 இலையுதிர் காலத்தில் எங்கள் கவசப் படைப்பிரிவு யார்க்‌ஷயரில் உருவானது. டாங்கிகள் வரவில்லை. அதனாலென்ன, சின்னம் வந்துவிட்டது. தளபதி பிரைஸின் குடும்பக் கேடயத்தில் ஓடும் காட்டுப்பன்றி ஒன்று இருந்ததாம். அதுவே எங்கள் வீரத்தின் அடையாளம் என்றார். எங்கள் வீரத்தை அதுவரை அவரும் பார்த்ததில்லை, நாங்களும் பார்த்ததில்லை.

வரையும் வேலை என் நண்பன் ஈனக் சக்டனுக்குக் கிடைத்தது. ஊரில் கடைப்பலகை எழுதியவன். முதல் லாரியில் அவன் வரைந்ததைத் தளபதி வெகுநேரம் பார்த்தார்.

"இது ஏன்யா சிரிக்குது?"

"கசாப்புக் கடைக்குத்தான் சார் வரைஞ்சு பழக்கம். அங்க பன்னி சிரிச்சாத்தான் யாவாரம்."

கோரைப்பல் சேர்த்து மூர்க்கமாக்கினான். வண்டியின் வலப்பக்கத்தில் பன்றி பின்னோக்கி ஓடுவதுபோல் இருக்கிறதென்று அடுத்த கவலை வந்தது. அதிகாரிகள் ஒரு வாரம் கூடிப் பேசி, இருபுறமும் முன்னோக்கியே ஓட வைத்தார்கள். டாங்கிகள் வந்தபின் சுடக் கற்றுக்கொள்ள எங்களுக்குக் கிடைத்தது ஒரே மாலைப்பொழுது.

1944 கோடையில், எதிரிக்குத் தெரியக்கூடாதென்று வண்டியிலும் சட்டைத் தோளிலும் இருந்த எல்லாச் சின்னங்களையும் மறைக்கச் சொன்னார்கள். அன்று மதுக்கடைக்காரி திருமதி ஃபாசெட் எங்கள் தோள்களைப் பார்த்தாள்.

"பன்னிய மூடிட்டீங்களே கண்ணுங்களா. அப்ப பிரான்சுக்குக் கிளம்பிட்டீங்க, அப்படித்தானே?"

நார்மண்டியின் ஒரு கோதுமை வயலில் எங்கள் டாங்கி எரிந்தது. நான் ஓட்டுநர், வெளியே வர முடியாமல் சிக்கிக்கொண்டேன். வெளியே குதித்துவிட்ட சக்டன் திரும்பி வந்து, பழுக்கக் காய்ந்த இரும்பில் கைவைத்து மூடியைத் திறந்து, என்னை இழுத்துப் போட்டான். அவன் வலக்கை விரல்கள் அப்புறம் மடங்கவே இல்லை. அந்த மாதமே படைப்பிரிவைக் கலைத்து, மிஞ்சியவர்களை வேறு பிரிவுகளுக்குப் பங்கு போட்டார்கள். தளபதிக்கு ஒரு பதக்கம் கிடைத்தது.

போர் முடிந்ததும் அவர் படைப்பிரிவின் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். சின்னத்துக்கென்றே ஓர் அத்தியாயம், வண்ணப் படத்தோடு. நான் அதை சக்டன் வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

"நாம எரிஞ்சது எந்தப் பக்கத்துல இருக்கு?" என்றான்.

"அடிக்குறிப்புல."

"படி."

படித்தேன். அவன் இடக்கையால் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தான்.

"இன்னொரு தடவை படிடா. மெதுவா."

இரண்டே வரி. எவ்வளவு மெதுவாகப் படித்தும், தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.