உப்புப் பார்க்கும் கை

1

2009ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அனுமந்தன்பட்டி.

என் தங்கை அய்யம்மாள் என் வீட்டில் சமைக்கிறாள். என் வீட்டில் உண்பதில்லை. பதின்மூன்று ஆண்டுகளாக இது நடக்கிறது. இதுவே என் குறை. வாழ்நாள் முழுதும் தமிழாசிரியனாக இருந்தவன் தன் குறையை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதற்கே நீங்கள் நன்றி பாராட்ட வேண்டும்.

இக்கதை எங்கிருந்து பிறந்தது என்பதையும் மறைக்கப்போவதில்லை. புகையிலிருந்து பிறந்தது. நான் இவ்வரியை எழுதும்போது கொல்லையில் கோட்டையடுப்பு எரிகிறது. அந்தப் புகை சன்னல் வழியே வந்து தாளின்மேல் சற்று நேரம் படுத்துவிட்டுப் போகிறது. என் பேத்தி திரிஷாவுக்கு இன்று காலை கோவிலில் காது குத்தினோம். நண்பகலில் வீட்டில் கறிவிருந்து.* அய்யம்மாள் குழம்பு கூட்டுகிறாள். இன்னும் சிறிது நேரத்தில் என்னை அழைப்பாள். அழைத்தால் நான் எழுந்து போக வேண்டும். போகாமலிருக்க ஒரு காரணம் வேண்டும் என்பதற்காகவே எழுத உட்கார்ந்தேன். [இவ்வாக்கியத்தை அடித்துவிட எண்ணினேன். இருக்கட்டும்.]

* வாசலில் கட்டியுள்ள பிளக்ஸில் 'காதனி விழா' என்று அச்சிட்டிருக்கிறார்கள். இதைப் பற்றித் தனியே பேச வேண்டும். இன்று அதற்கு நேரமில்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: "மேற்கே மலைகள் நீலப் போர்வையைப் போர்த்திக்கொண்டு..." அடித்துவிட்டேன். மலை எதையும் போர்த்திக்கொள்வதில்லை. இம்மாதத்தில் கேரளத்துப் பக்கமிருந்து சாரல் இறங்கும்; மலை இருந்த இடம் தெரியாது; திராட்சைப் பந்தல்களின் மேல் வெள்ளையாக ஏதோ நகர்ந்துகொண்டிருக்கும். அவ்வளவே.

இரண்டாம் தொடக்கம்: "விருந்து என்பது மனிதகுலத்தின்..." முடிக்கவில்லை. இதை நானே மாணவர்களின் கட்டுரைகளில் சிவப்பு மையால் கோடிட்டிருக்கிறேன்.

மூன்றாம் தொடக்கம் ஒரு விளக்கமாக அமைந்தது. அது கதைக்கு அழகன்று. ஆயினும் அதுவின்றி உங்களுக்குக் கதை விளங்காது. எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டில் உண்பதைக் கை நனைப்பது என்பார்கள். மனத்தாங்கல் வந்துவிட்டால், வருவார்கள், போவார்கள், மொய்கூட எழுதுவார்கள். கை மட்டும் நனைக்கமாட்டார்கள். இதில் என் தங்கை புகுத்திய புதுமை ஒன்று உண்டு. உண்பதைத்தான் விட்டாள், சமைப்பதை விடவில்லை. என் வீட்டு விசேடங்களில் முதல் அடுப்பு மூட்டுவது குடும்பத்தில் பிறந்த பெண்ணின் உரிமை. "அத நான் எதுக்கு விட்டுக்குடுக்கணும்?" என்று என் மனைவி கஸ்தூரியம்மாளிடம் கேட்டாளாம்.

ஆகவே விடியற்காலையில் தூக்குவாளியில் தன் வீட்டுத் தயிர்ச்சோற்றையும் ஒரு பாட்டிலில் தன் வீட்டுத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு வருவாள். நாங்கள் அவள் சமைத்ததை உண்போம். அவள் சாலையைக் கடந்து வாய்க்கால் கரையில் அமர்ந்து தயிர்ச்சோற்றை உண்பாள். வாய்க்கால் பொதுப்பணித்துறைக்குச் சொந்தமானது. என் வீடு ஆகாது.

3

1996ஆம் ஆண்டு, நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிபுகுந்த நாள். முதல் பந்தியில் அய்யம்மாளின் கணவர் பலவேசம் அமர்ந்திருந்தார். வீட்டுப் பெண்ணின் கணவருக்கு முதல் பந்தியில் இலை போடுவது எங்கள் வழக்கம். இலையில் நீர் தெளித்தாயிற்று, சோறும் விழுந்தாயிற்று, குழம்புக்காகச் சோற்றில் குழி பறித்துக்கொண்டிருந்தார். பந்தி விசாரித்துக்கொண்டிருந்த ஒச்சாண்டி, அதாவது என் மனைவியின் தம்பி, அவர் காதருகே குனிந்தார்.

"அண்ணே, கோவிச்சுக்கிறாதீக. நீங்க அடுத்த பந்தில ஒக்காருங்க. பெரியகுளத்துல இருந்து ஆபீசர் ஒருத்தர் வந்திருக்காக, சட்டுனு கெளம்பணுமாம்."

பலவேசம் எழுந்தார். சோறு விழுந்த இலையிலிருந்து ஒருவரை எழுப்புவது... [இங்கே ஓர் உவமை வைக்க நெடுநேரம் முயன்றேன். கிடைக்கவில்லை. கிடைக்காததே சரி.] வாசலில் விருந்தினரை வரவேற்றுக்கொண்டிருந்த என்னைக் கடந்து போகும்போது, "வெயில் ஏறுது மச்சான், வர்றேன்" என்று மட்டும் சொன்னார். நடந்தது அறியாமல் நான் கைகூப்பிச் சிரித்தேன். அவர் விரல்களில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.

பின்னாலேயே அய்யம்மாள் வந்தாள். சத்தம் போடவில்லை. "அவுக எந்திரிச்ச வீட்டுல இனி என் கை நனையாது" என்றாள். கையிலிருந்த கரண்டியை என் மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கணவருக்குப் பின்னால் நடந்தாள்.

பலவேசம் இறந்து ஆறாண்டுகள் ஆகின்றன. துக்கம் கேட்கப் போன ஒச்சாண்டி அவள் காலில் விழுந்தார்.

"நீ விழுந்துட்ட, எந்திரிச்சுட்ட" என்றாள் அவள். "அவுக எலை இன்னும் மடிக்காமக் கெடக்கே, அதுக்கு என்னலே செய்ய?"*

* இவ்வாக்கியத்தைத் திருத்தி எழுதிப் பார்த்தேன்: "அவருடைய இலை இன்னும் மடிக்கப்படாமல் கிடக்கிறதே, அதற்கு என்ன செய்வது?" திருத்தியவுடன் அவள் கதையைவிட்டு எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு எழுதிய ஒரு பக்கத்திலும் வாய் திறக்கவில்லை. அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டு, அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிய பின்னர்த்தான் திரும்பி வந்தாள். ஆதலால் நான் பொறுத்துக்கொள்கிறேன். நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

4

இனி உப்புக்கு வருவோம்.

குழம்பில் உப்புப் பார்க்க எங்கள் பெண்கள் கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்குவார்கள். அய்யம்மாள் அதையும் உண்பதாகவே கொண்டாள். வீம்பில் அவ்வளவு கண்டிப்பு. எங்கள் மகன் விஜயபாண்டியின் திருமணத்தன்று குழம்பு கொதித்து நிற்கிறது; கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளும் நிற்கிறாள்.

"யாராச்சும் ஒரு கை நீட்டுங்கப்பா" என்றாள், தென்னை மரத்தைப் பார்த்து.

நான் நீட்டினேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளங்கையை மட்டும் பார்த்தாள். ஒரு சொட்டு விட்டாள். நக்கிப் பார்த்தேன்.

"அரைக்கை உப்புப் போடு ஆத்தா" என்றேன்.

போட்டாள். கிளறினாள். மறுபடியும் விட்டாள்.

"இப்பச் சரி."

"ம்."

வீடு குடிபுகுந்த நாளுக்குப் பின் நாங்கள் பேசிக்கொண்ட முதற்பேச்சு அது. அதன்பின் ஒவ்வொரு விருந்திலும் அதுவே பேச்சு. 'புளி ஏறிப்போச்சு', 'காரம் காணாது', 'எறக்கிரலாம்'. வாழ்நாளில் கொச்சை பேசாத நான் அந்த அடுப்படியில் மட்டும் பேசினேன். [இதை என் பழைய மாணவர்கள் படிக்க நேர்ந்தால் மறந்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.] அவள் ஒருமுறைகூட 'அண்ணே' என்று அழைத்ததில்லை. 'கை' என்பாள், நான் நீட்டுவேன். வேறு எதுவாயினும் என் மனைவி வழியாகத்தான். நான் இரண்டடி தள்ளி நிற்பேன். அவளோ, "மதினி, வெறகு ஈரமா இருக்குன்னு உங்க வீட்டுக்காரகிட்டச் சொல்லுங்க" என்பாள்.

ஒருமுறை என் மனைவியிடம் இன்னொன்றும் சொன்னாள். "வாத்தியாருக்கு மத்ததெல்லாம் எப்பிடியோ. நாக்கு மட்டும் பொய் சொல்லாது மதினி."

நான் ஓய்வுபெற்றபோது ஊரார் பொன்னாடை போர்த்தினார்கள். அது பெட்டியில் எங்கோ கிடக்கிறது. இந்தச் சொல்லைத்தான் நான் போர்த்திக்கொண்டு திரிகிறேன்.

5

கடந்த மாசியில் எனக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் போனது; போகும்போது என் நாக்கின் சுவையையும் கொண்டுபோனது. அன்றிலிருந்து எனக்கு உணவென்பது சூடு, குளிர்ச்சி, ஈரம், உலர்வு, வேறொன்றுமில்லை. தேனியில் மருத்துவர் டார்ச்சு அடித்துப் பார்த்துவிட்டு, "வந்தாலும் வரும் சார், வராமலும் போகும்" என்றார். இவ்வளவு தெளிவான விடையை எழுதிய எந்த மாணவனுக்கும் நான் மதிப்பெண் போட்டதில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. சொன்னால் அய்யம்மாளுக்குப் போய்விடும். போனால், அவள் வேறு யாருடைய கையிலாவது உப்புப் பார்ப்பாள். பிறகு எங்களுக்கிடையே ஒரு சொல்லும் மிஞ்சாது.

மேலும் ஒன்று. இதுவே அவள் இங்கே சமைக்கும் கடைசி விருந்து. வரும் வெள்ளிக்கிழமை அவளுடைய மகன் சண்முகராஜ் வந்து அவளைத் திருப்பூருக்கே அழைத்துப் போகிறான். முழங்கால் தேய்ந்துவிட்டது, இனிப் பேருந்தேறி விருந்துக்கு வருவதெல்லாம் நடவாது. இதையும் மனைவி வழியாகத்தான் அறிந்தேன்.

[இங்கே ஒரு கனவு வருகிறது. கனவுகளைக் கதையில் சேர்ப்பது சோம்பேறிகளின் வேலை என்பது என் கருத்து. ஆயினும் சற்றுமுன் தாளின்மேல் தலை சாய்ந்துவிட்டது; கண்டதைக் காணவில்லை என்று எழுத எனக்கு வராது.]

கூடம் நிறைய இலைகள். ஒருவருமில்லை. சாரல் வீட்டுக்குள் பெய்கிறது, தரை நனையவில்லை. முதல் இலையில் மட்டும் சோறு இருக்கிறது, நடுவில் விரலால் பறித்த குழியோடு. அதிலிருந்து ஆவி எழுகிறது. பதின்மூன்று ஆண்டுகளாகியும் இலை வாடவில்லை. நான் குனிந்து ஒரு பருக்கையை எடுத்து நாக்கில் வைக்கிறேன். உப்பு! கடல் முழுவதும் அந்த ஒரு பருக்கையில் இருந்தது. விழித்தபோது வாயில் சூடுமில்லை, குளிர்ச்சியுமில்லை. கன்னத்தில் மை ஒட்டியிருந்தது.

6

இந்தப் பகுதி நான் திட்டமிட்டதன்று. சன்னலுக்கு வெளியே, கொல்லையில், இப்போது நடக்கிறது. காதில் விழுவதை அப்படியே எழுதுகிறேன்.

"என்ன மதினி, மாமியார் ஆனதும் கைப்பக்குவம் கூடிருச்சாமே?" இது அய்யம்மாள்.

"நீ வேற! நேத்து ரசத்துல உப்புப் போடவே மறந்துட்டேன். நான் வாயில வச்சதும் துப்பிட்டேன். இவுக என்னான்னா ரெண்டு தம்ளர் வாங்கிக் குடிச்சுட்டுப் பேசாம எந்திரிச்சுப் போறாக. மாசில காய்ச்சக் கண்டதுல இருந்து ஒரு நொட்டை சொல்றதில்ல அய்யம்மா. மனுசர் திருந்திட்டாக!"

தேங்காய் அரைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரிக்கிறார்கள். அய்யம்மாளின் சிரிப்பு அதில் இல்லை. அண்டாவின் அடியில் உரசிக்கொண்டிருந்த கரண்டியின் ஓசை நின்றுவிட்டது.

"மாசில இருந்தா?"

"ஆமா."

"உப்பில்லாத ரசத்தையா குடிச்சாக?"

"ஆமாங்குறேன். ரெண்டு தம்ளர்!"

என் மனைவிக்கு இன்னும் விளங்கவில்லை. விளங்கவேண்டியவளுக்கு விளங்கிவிட்டது.

"கொழம்பு கொதிச்சிருச்சே அய்யம்மா. அவுக என்னமோ கதை எழுதிக்கிட்டு இருக்காக. என் தம்பியக் கூப்புடவா, உப்புப் பாக்க?"

"வேணாம் மதினி." கரண்டி மறுபடியும் உரசத் தொடங்குகிறது. "எப்பவும் பாக்குறவுகளே பாக்கட்டும்."

7

கதையை இனி முடித்தாக வேண்டும். மூன்று முடிவுகளை எழுதிவைத்திருந்தேன். ஆறாம் பகுதி வந்து மூன்றையும் குலைத்துவிட்டது, ஆயினும் காட்டுகிறேன்.

முதல் முடிவு. நான் நக்கிப் பார்த்து, "சரியா இருக்கு ஆத்தா" என்கிறேன். பந்தி அமர்கிறது. முதல் கவளத்திலேயே ஊரார் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். அவள் கடைசியாகச் சமைத்த குழம்பு கெட்டது. என் நாக்கு பொய் சொல்லாது என்று நம்பியவள், பொய்யைச் சுமந்துகொண்டு திருப்பூருக்குப் பேருந்தேறுகிறாள். [அவளுக்குத்தான் தெரிந்துவிட்டதே! இம்முடிவு இனிச் செல்லாது.]

இரண்டாம் முடிவு. "நாக்குச் செத்துப்போச்சு ஆத்தா" என்கிறேன். அவள் கரண்டியை ஒச்சாண்டியின் பக்கம் திருப்புகிறாள். குழம்பு பிழைக்கிறது. நாங்கள்... [வாக்கியத்தை முடிக்க இயலவில்லை.]

மூன்றாம் முடிவு. அவள் கரண்டியைத் தன் உள்ளங்கையின்மேல் சாய்க்கிறாள்.

இதைத்தான் பலமுறை எழுதினேன். ஆவி எழுகிறது, சாரல் நிற்கிறது, தென்னையோலையில் தங்கிய நீர் சொட்டுகிறது, இன்னும் என்னென்னவோ. நன்றாகவே வந்திருந்தது. அதனாலேயே ஐயம் வந்தது. எழுதுகிறவன் மிகவும் விரும்பும் முடிவை நம்பக்கூடாது. அவள் வாயில் சொற்களை வைத்துப் பார்த்தேன், அதுவும் அவள் சொன்ன சொற்களை மட்டும். அந்த வாயில் குழம்பை வைக்க எனக்கு உரிமையில்லை.

8

அழைத்துவிட்டாள்.

"அண்ணே... கை."

முதற்சொல்லைக் கவனித்தீர்களா? அதை நான் எழுதிச் சேர்க்கவில்லை. அவளே சொன்னாள். சன்னலுக்கு வெளியே அரைத்துக்கொண்டிருந்த பெண்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

எனக்குச் சுவை தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும் அழைக்கிறாள். ஏன் அழைக்கிறாள் என்று இந்தத் தாளில் எழுதப்போவதில்லை. எழுதவும் முடியாது. எழுதுவது வலக்கை, நீட்ட வேண்டியதும் வலக்கை. பேனாவைக் கீழே வைத்தால்தான் கை நீளும்.

ஆகவே, வாசகரே, இதுவரை நாற்காலியில் சாய்ந்துகொண்டு படித்தது போதும். எழுந்து வாருங்கள். கொல்லைப்படியில் சாரல் ஈரம் இருக்கிறது, வழுக்கும். வந்து எனக்குப் பக்கத்தில் நில்லுங்கள். பேச வேண்டாம்; ஆறுதல் சொல்ல வேண்டாம்; கதைக்கு முடிவு இல்லையா என்று கேட்கவும் வேண்டாம். என் உள்ளங்கை இதோ, மை போகக் கழுவியாயிற்று. அவள் கரண்டியைத் தூக்கிவிட்டாள். புகையில் எனக்குக் கண் தெரியவில்லை. அது எந்தக் கையின்மேல் சாய்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.