மகாராணி ஜெயித்த காரணம்

லாயத்து வாசலில் குதிரை டாக்டரம்மாவின் கார் வந்து நின்றபோது, லாயக்காரர் மகாராணியின் குளம்பைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

மகாராணி என்பது அவர் வைத்த செல்லப்பெயர். பந்தயத்தில் கடைசியாக வருவதை ஒரு கௌரவமாகவே வைத்திருந்த குதிரை அவள். மற்றவை எல்லைக்கோட்டைத் தாண்டி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது, கடைத்தெருவைச் சுற்றிப் பார்க்க வந்தவள் மாதிரி நிதானமாக வந்து சேருவாள். அப்படிப்பட்டவள் போன வாரம் எல்லோரையும் பின்னால் தள்ளிவிட்டு முதலாவதாக வந்தாள். கைதட்டல் அடங்குவதற்குள், "ஊசி போட்டிருக்கான்யா" என்று ஒருவன் லாயக்காரரின் காதுபடவே சொன்னான். ரத்தமும் சிறுநீரும் பரிசோதனைக்குப் போயின. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. தீவனம் வைப்பது அவர்தான். ஏதாவது அகப்பட்டால் முதலில் அவர் தலைதான் உருளும். மகாராணியையும் இனி ஓடவிடமாட்டார்கள்.

வீட்டில் மனைவியே கேட்டுவிட்டாள். "உண்மையச் சொல்லுங்க. எதையாவது குடுத்தீங்களா?"

"நான் குடிக்கிற காபியக்கூட அவ பக்கத்துல வச்சதில்லடி."

அவள் அதை நம்பினாள். ஆனாலும் இன்று சாப்பாடு கொண்டுவந்தவள், காரைப் பார்த்ததும் திரும்பிப் போகாமல் அவரருகே வந்து நின்றுகொண்டாள்.

"மருந்து எதுவும் இல்ல. ஆனா ரத்தத்துல ஒரு ஹார்மோன் எகிறியிருக்கு," என்றார் டாக்டரம்மா. "வெளியில இருந்து ஏத்துனதா, தானா வந்ததான்னு பாக்கணும்."

தோள்வரை நீண்ட கையுறை மாட்டிக்கொண்டு ஸ்கேன் கருவியுடன் குதிரையின் பின்னால் போனார். கருவியின் திரையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"பந்தயத்துக்கு முன்னாடி ஓய்வுக்கு அனுப்புனீங்களே, அந்தப் பண்ணையில ஆண் குதிரை இருந்துச்சா?"

"இருந்துச்சு டாக்டரம்மா. ஆனா நடுவுல வேலி போட்டிருந்துச்சே!"

"வேலி உங்க கண்ணுக்குத்தான் தெரிஞ்சிருக்கு. இவ மாசமா இருக்கா. சில குதிரைங்களுக்கு இந்த நேரத்துல தனித் தெம்பு வரும். உங்க மேல ஒரு குத்தமும் இல்ல."

லாயக்காரர் வைக்கோலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மனைவி குதிரையின் கழுத்தில் செல்லமாக ஒரு தட்டு தட்டினாள். "அடி கள்ளி! எங்கிட்டகூட மூச்சு விடலையே!" பிறகு கணவரைப் பார்த்து, "எழுந்திரிங்க. தாத்தா ஆகப்போறவரு இப்படியா உக்காருவாரு?" என்றாள்.

அவர் எழுந்ததும், மூன்று பேருமாக ஸ்கேன் கருவியின் திரைமேல் குனிந்தார்கள். சாம்பல் நிறப் புகைக்கு நடுவே, கடுகளவு வெள்ளைப் புள்ளி ஒன்று விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. மகாராணி வாயை அகலத் திறந்து ஒரு கொட்டாவி விட்டாள்.